உறைந்த ஏரியில் ஒரு ஊத்தா

"அக்கா, சீட் பெல்ட்டக் கழட்டிரு. உன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கி விட்டுரு."

வெளியே மைனஸ் 27 டிகிரி. தம்பிக்குக் குளிரில் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நான் வந்து இறங்கிய நாளிலிருந்து "பெல்ட்டப் போடு, பெல்ட்டப் போடு" என்று உயிரை எடுத்தவன் இவன். இப்போது கழற்றச் சொல்கிறான்.

"எதுக்குடா?"

"ஏரி மேல போகப் போறோம்ல. தப்பித்தவறி உள்ள போயிட்டா சட்டுனு வெளிய வரணும்."

அந்தத் 'தப்பித்தவறி'யை நான் விழுங்கி முடிப்பதற்குள் வண்டி கரைச் சரிவில் இறங்கிவிட்டது. எதிரே ஏரி. ஏரி என்று அவர்கள்தான் சொன்னார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரைப் பெயர்த்துத் தரையில் படுக்க வைத்தது போல, எட்டிய மட்டும் வெள்ளைதான் எனக்குத் தெரிந்தது. அதன் மேல் பனியை ஒதுக்கிப் போட்ட சாலை. கிறிஸ்துமஸ் முடிந்து தூக்கியெறிந்த மரங்களை வழியோரம் நட்டு எல்லை காட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் பனிக்கட்டி பிளந்து வாய் திறந்திருக்க, அதன் மேல் மரப்பாலம் வேறு! தண்ணீரைத் தாண்டப் பாலம் ஏறியிருக்கிறேன். தண்ணீர் மேலேயே காரில் போய், நடுவழியில் அதே தண்ணீரைத் தாண்டப் பாலம் ஏறியது அன்றைக்குத்தான். கருப்பா, காப்பாத்து என்று கண்ணை மூடிக்கொண்டேன். பின்சீட்டில் என் மருமகன், 11 வயதுக்காரன், போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயப்படாதீங்க அத்தை. 4 இன்ச் இருந்தாலே நடக்கலாம். இங்க ரெண்டு அடிக்கு மேல இருக்கு" என்றான், தலையைத் தூக்காமலே. அந்த ஊர் இயற்கை வளத் துறை இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறதாம். ஆள் நடக்க 4 அங்குலம், தம்பியின் வண்டி மாதிரி கனமானது போக ஓர் அடிக்கு மேல். ஆனால் அதே துறை, எந்தப் பனிக்கட்டியையும் முழுசாக நம்பிவிடாதே என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வாக்கியம்தான் என் மனதில் ஒட்டிக்கொண்டது.

விடிகாலை நாலு மணிக்கு மினியாபோலிஸிலிருந்து கிளம்பியிருந்தோம். வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர், 169ஆம் எண் நெடுஞ்சாலை. போகிற இடத்தின் பெயர் மில் லாக்ஸ். 'ஆயிரம் ஏரிகள்' என்று பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். ஆனால் இருப்பது ஒரே ஏரி. 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். மிக ஆழமான இடத்தில் 42 அடி என்றான் தம்பி. சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டுக் கிணறே 60 அடி! எதிர்க்கரை தெரியாத இந்தச் சமுத்திரம் எங்கள் கிணற்றைவிட ஆழம் குறைவு என்று தெரிந்ததும், என்னவோ தெரியவில்லை, பயம் பாதி குறைந்துவிட்டது. 42 அடியிலும் ஆள் முழுகலாம் என்ற யோசனை ஏனோ வரவில்லை.

மேற்குக் கரையோரம் போகும்போது ஓஜிப்வே மக்களின் அருங்காட்சியகத்தைக் காட்டினான். ஒரு காலத்தில் ஏரி அவர்களுடையது. 1837இல் அமெரிக்க அரசு நிலத்தை ஒப்பந்தம் போட்டு வாங்கியபோது, மீன்பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். அது செல்லுமா என்று ஒன்றரை நூற்றாண்டு கழித்து வழக்கு நடந்து, 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. கண்மாய் மீன் ஏலத்துக்கு எங்கள் ஊரில் நடக்கும் அடிதடியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, இந்த வழக்கின் சூடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லாமலே புரிந்தது.

வண்டியை விட்டு இறங்கினேன். முதல் மூச்சிலேயே மூக்குக்குள் இருக்கிற முடியெல்லாம் விறைத்துக் குத்தியது. இரண்டாவது மூச்சில் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டின. காலடியில் பனி, மரவள்ளி மாவை விரலால் அழுத்தினால் வருமே, அந்தக் கிறீச்சோடு நெரிந்தது. அப்போது காலுக்கு அடியிலிருந்து 'வ்வூஊம்ங்' என்று ஒரு சத்தம் கிளம்பி, ஏரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. யானை பிளிறலும் மின்கம்பி அதிர்வும் கலந்த மாதிரி. நான் தம்பியின் கையைப் பிடித்த பிடியில் அவன் கையுறை கழன்று வந்துவிட்டது.

"ஐஸ் சத்தம்க்கா. குளிர் கூடறப்ப இப்பிடித்தான் முனகும். நல்ல சத்தந்தான்."

நல்ல சத்தமாம்!

இரண்டு நிமிஷத்தில் ஒரு கூடாரம் குடை மாதிரி விரிந்தது. மின்சாரத் துளைப்பான் ஒன்றால் பனிக்கட்டியில் மூன்று துளை போட்டார்கள். எட்டு அங்குல அகலம், தம்பிக்கும் மருமகனுக்கும் நடுவே ஆறடி இடைவெளி, என் துளை ஒரு ஓரமாக. துளையில் மிதக்கும் பனிக்கூழை அள்ளுவதற்கு மருமகன் ஒரு கரண்டியை எடுத்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அசல் ஜல்லிக்கரண்டி! கல்யாண வீட்டில் வடை அரிக்கிற அதே கரண்டி, அதே வளைவு, அதே ஓட்டைகள். எண்ணெய்க்குப் பதில் ஏரி. தூண்டிலோ முழங்கை நீளம்கூட இல்லை. உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே விடுவதற்கு நீளக் கம்பு எதற்கு? இதுவும் நான் கேட்ட பிறகு விளங்கியதுதான். புரோப்பேன் அடுப்பை ஏற்றி, காற்றுக்குக் கூடாரத்தின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் திறந்து வைத்தான் தம்பி. கேஸ் வாடை, இரைமீன் வாளியின் கவிச்சை, தம்பி மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை. மூன்றும் கலந்த அந்த மணத்தை உலகத்தில் வேறு எங்கும் நான் முகரப் போவதில்லை.

அப்புறம்தான் தம்பி பெட்டியைத் திறந்தான்.

சுவர்க்கடிகாரம் மாதிரி வட்டமான முகம், உள்ளே மிக்ஸி தூரத்தில் ஓடுவது போல மெல்லிய முனகல். ஃப்ளாஷர் என்றார்கள், ஒரு வகை சோனார். ஒரு வயரின் முனையில் குழவிக்கல் சைஸில் ஒரு கருப்புக் குமிழ். அதை மிதவையில் கோத்துத் துளைக்குள் இறக்கி, பனிக்கட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டான். வட்டத்தில் விளக்குக் கோடுகள் எரிந்தன. 24 என்ற எண்ணருகே தடியாகச் சிவப்பு. அதுதான் ஏரியின் தரை, 24 அடியில். அதற்குச் சற்று மேலே முடியளவு பச்சைக்கோடு. அது எங்கள் தூண்டில் முள். தூண்டிலை ஒரு விரல் அளவு உயர்த்தச் சொன்னான். உயர்த்தினேன். பச்சைக்கோடும் ஒரு விரல் உயர்ந்தது! இரண்டடிப் பனிக்கட்டிக்குக் கீழே, கும்மிருட்டில் ஆடுகிற ஒரு முள்ளை நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். மூன்று நாலு தடவை ஏற்றி இறக்கி விளையாடினேன். "அத்தை, மீன் வரணும்னா கொஞ்சம் நிறுத்தணும்" என்றான் மருமகன்.

மீன் வந்தால் எப்படித் தெரியும்? இதை அவன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். அந்தக் குமிழ் கீழ்நோக்கி ஒரு 'டிக்' போடும். நம் காதுக்கு எட்டவே எட்டாத சத்தம், அப்பாவின் பெட்டியில் 200 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்கும் உச்சத்தைவிடப் பத்து மடங்கு. அது கூம்பாக விரிந்து இறங்கித் தரையில் பட்டுத் திரும்பும். குளிர்ந்த தண்ணீரில் ஒலி நொடிக்கு 1,400 மீட்டர் ஓடுவதால், 24 அடி போய்வர நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகும். வந்த நேரத்தை வைத்து ஆழம். வந்த வேகத்தை அல்ல, பலத்தை வைத்து நிறம்: மங்கலாக வந்தால் பச்சை, நடுத்தரம் ஆரஞ்சு, பலமாக வந்தால் சிவப்பு. கூம்பின் ஓரத்தில் நுழையும் மீன் பச்சையாகத் தொடங்கி, நடுவுக்கு வர வரச் சிவக்கும்.

"டேய், இது ஊத்தாடா!" என்று கத்திவிட்டேன்.

அவனுக்கு ஊத்தா தெரியாது. சித்திரை வைகாசியில் கண்மாய் வற்றும்போது எங்கள் பக்கத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே, சுற்றுப்பட்டி அத்தனையும், சேற்றுத் தண்ணீருக்குள் பாயும். கையில் ஊத்தா. மேலே குறுகல், கீழே அகலம், இரண்டு பக்கமும் திறந்த கூடை. மீன் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் படக்கென்று குத்த வேண்டும். உள்ளே ஏதாவது மோதினால் மேல்வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிக்க வேண்டும். அதே கூம்பு! ஒரே வித்தியாசம், எங்கள் ஊத்தா இரண்டரை அடி உயரம், இவன் அப்பாவின் ஊத்தா 24 அடி. இவன் அப்பாவும் நானும் சின்ன வயதில் ஒரே ஊத்தாவுக்குச் சண்டை போட்டிருக்கிறோம் என்று சொன்னதும், பையன் அப்பாவைப் புதுசாகப் பார்த்தான்.

இவ்வளவு நேரம் எல்லாம் சுகம். தொல்லை இனிமேல்தான்.

இந்தப் பயணமே மருமகனுக்கு ஒரு சோனார் வாங்குவதற்காக. அப்பாவின் பெட்டியை எட்டிப் பார்த்தே இரண்டு குளிர்காலம் ஓட்டிவிட்டானாம். தனக்கென்று ஒன்று வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர், நார்வே வம்சாவளிக்காரர், 'வாங்குவதற்கு முன் ஏரியில் வைத்துப் பார்' என்று தன் உபரிப் பெட்டியைக் கொடுத்திருந்தார். அதுவும் 200 கிலோஹெர்ட்ஸ். மருமகன் அதைத் தன் துளையில் இறக்கி, சுவிட்சைப் போட்டான்.

இரண்டு வட்டமும் தரைச்சக்கரம் ஆகிவிட்டன. தீபாவளிக்குக் கொளுத்துகிற அதே தரைச்சக்கரம். சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் சுற்றிச் சுற்றி ஓடின. ஏரியின் தரையைக் காணோம், முள்ளைக் காணோம். பத்தடியில் ஒரு மீன், பதினைந்தில் ஒன்று, பனிக்கட்டிக்குள்ளேயே இரண்டு! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எவ்வளவு மீனுடா!" என்றேன். அப்பனும் மகனும் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

ஒன்றுகூட மீன் இல்லையாம். அவன் பெட்டி போட்ட டிக் இவன் பெட்டிக்குள் நுழைகிறது, இவனுடையது அவனுக்குள். இரண்டும் ஒரே சுருதி. தன் குரல்தான் திரும்பி வந்தது என்று நம்பி ஒவ்வொன்றும் மற்றதன் குரலுக்கு விளக்கு ஏற்றுகிறது. 24 அடியில் 19 டிகிரிக் கூம்பு எட்டடி அகலத்துக்கு விரிந்திருக்கும். துளைகளுக்கு இடையே ஆறடிதான். கீழே இரண்டு ஊத்தாவும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கின்றன.

எனக்கு எங்கள் கிணறு ஞாபகம் வந்தது. விடுமுறை நாள் மத்தியானத்தில் நானும் இந்தத் தம்பியும் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்து எட்டிப் பார்த்துக் கத்துவோம். ஒருத்தர் கத்தினால் குரல் தெளிவாகத் திரும்பி வரும். இரண்டு பேரும் சேர்ந்து கத்தினால் வருவது யாருடையது என்று தெரியாது. "இப்ப வந்தது என்னுது!" "இல்ல, என்னுது!" என்று ஆரம்பித்து, அம்மா விளக்குமாற்றோடு வரும்வரை அடிதடி நடக்கும். தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவனும் கிணற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்று பிறகு சொன்னான்.

இதற்கு வழி இருக்கிறது, குறுக்கீட்டைத் தள்ளும் குமிழ் ஒன்று. திருகினால் பெட்டி தன் டிக்கின் தாளத்தை லேசாக மாற்றும். தன் தாளத்துக்குப் பொருந்தி வருகிறதை வைத்துக்கொண்டு, தாளம் தப்பி வருகிறதைக் குப்பையில் போடும். தம்பி ஒரு படி திருகினான். அதே நேரம் மருமகனும் ஒரு படி திருகினான். தரைச்சக்கரம் அப்படியே. மறுபடி இவன், மறுபடி அவன். குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒதுங்குகிறேன் பேர்வழி என்று ஒரே பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அந்தக் கதை.

தானும் ஏரிக்கு வந்திருந்த அந்தப் பெரியவர், கூடாரத்தின் கதவு ஜிப்பைத் திறந்துகொண்டு தலை நீட்டினார். தாடியில் பனி தொங்கியது. வட்டங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஊஃப் டா" என்றார். முதல் சந்திப்பிலேயே ஒரு மனுஷர் என்னை 'டா' போடுகிறாரே என்று எனக்கு முகம் சுண்டிவிட்டது. அது நார்வேக்காரர்கள் கொண்டுவந்த சொல், நம் 'அடேயப்பா' மாதிரி என்று மருமகன் காதில் சொன்னான். அன்று மாலைக்குள் நானும் நாலு தடவை 'ஊஃப் டா' சொல்லிவிட்டேன். தமிழ் நாக்குக்கு அவ்வளவு பாந்தமாக உட்காருகிறது!

பெரியவர் சொன்ன வைத்தியம் எளிமையானது. ஒருத்தர் குமிழைத் தொடவே கூடாது. மற்றவர் மட்டும் ஒவ்வொரு படியாகத் திருகி, படம் தெளிகிற இடத்தில் விட்டுவிட வேண்டும். உணர்திறனைக் கூட்டி வைத்திருந்தால் குறைக்க வேண்டும், காதைத் தீட்டிக்கொண்டிருப்பவனுக்குத்தான் அடுத்த வீட்டுச் சண்டையும் கேட்கும். தம்பி கையைக் கட்டிக்கொண்டான். மருமகன் திருகினான், நாலாவது படியில் கோடுகள் அடங்கின. பழையபடி 24இல் சிவப்பு, அதன் மேல் பச்சை முடி. "ஆஹா" என்று நான் கை தட்டினேன்.

பெரியவர் திருப்தியோடு இருபதடி தள்ளி இருந்த தன் கூடாரத்துக்குப் போய், தன்னுடைய பெட்டியைப் போட்டார்.

தரைச்சக்கரம்!

நான் சிரித்த சிரிப்பில் புளியோதரை புரைக்கேறியது. ஒரு கூடாரத்துக்குள் இரண்டு பேர் ஒத்துப்போய்விடலாம். சனிக்கிழமை ஏரியில் நூறு கூடாரம், பாதிப் பேரிடம் அதே 200. இந்த நூறு பேரில் யார் கையைக் கட்டிக்கொள்வது?

மதியம் கரைக்குப் போனோம். ஊர் பெயர் கேரிசன். ஏரிக்கரையில் வாலை என்ற மீனுக்கு ஆளுயரத்தையும் தாண்டிய ஒரு சிலை. மதுரையில் காளைக்குச் சிலை வைத்தால் எப்படியோ அப்படி. சிலையோடு படம் எடுத்துக்கொண்டு, இரைக்கடைக்குள் நுழைந்தோம். காபி மணமும் புழு மணமும். கல்லாவில் என் வயதுப் பெண்மணி ஒருவர். மருமகன் "இரண்டாவது சோனார் வேண்டும்" என்றதும், எவ்வளவு பட்ஜெட் என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"உன் பக்கத்தில் உட்காருகிறவரிடம் என்ன இருக்கிறது?"

கடைக்காரர்களை அவ்வளவு சீக்கிரம் நான் மெச்சுவதில்லை. இவரை மெச்சினேன். மருமகன் பதில் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

முதலில் வெக்சிலார், மார்க்கம் என்ற பெயர்கள். இரண்டும் இந்த மினசோட்டா மாநிலத்துக் கம்பெனிகளே. மார்க்கத்தின் சில பெட்டிகளில் குறுக்கீட்டைத் தள்ள 12 படிகள் வரை இருக்கின்றன என்றார். "படி அதிகம் இருந்தால் நல்லதுதான். ஆனால் அப்பாவின் சுருதியிலேயே பாடிக்கொண்டு, தாளத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பாய்." சுருதி, தாளம் என்ற சொற்கள் என்னுடையவை. அவர் சொன்னது ஆங்கிலத்தில். ஆனால் பொருள் அச்சு அசல் அதுவே.

அடுத்து சர்ப் என்ற வகை. ஒரே சுரத்தில் நிற்காமல், சரிகமபதநி என்று கீழிருந்து மேலே இழுத்துப் பாடுகிற சோனார். அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் இரண்டு மீனைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். மருமகன் கண் அதில் போய் விழுந்தது. "அது இழுத்துப் பாடுகிற பாட்டில் 200உம் அகப்பட்டால், அப்பாவின் பெட்டி ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கோடு போடும்" என்று அந்த அம்மாள் சொன்னதும் கண்ணை மீட்டுக்கொண்டான்.

மூலையில் ஒரு பெரிய திரை ஓடிக்கொண்டிருந்தது. கார்மின் கம்பெனி 2018இல் கொண்டுவந்த லைவ்ஸ்கோப். அலைவரிசை 530லிருந்து 1,100 வரை, அப்பாவின் 200க்கு வெகு தூரம். அதில் மீன் கோடாகத் தெரிவதில்லை, மீனாகவே தெரிகிறது! நீந்துகிறது, திரும்புகிறது, வாலாட்டுகிறது. பக்கவாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் போய் அங்கே துளை போடலாமாம். விலை ஆயிரம் டாலரைத் தாண்டி எங்கோ நின்றது. ரூபாயில் பெருக்கிப் பார்த்து 'ஊஃப் டா' சொன்னேன். விலை கிடக்கட்டும், எனக்கு அது பிடிக்கவில்லை. மீனின் வீட்டுக்குள் கேமரா வைத்துவிட்டு அப்புறம் தூண்டில் போடுவது என்ன வீரம்? கண் தெரியாமல் ஊத்தா குத்துகிறவளின் பொறாமை என்றும் வைத்துக்கொள்ளலாம். மருமகன் மட்டும் அந்தத் திரையை விட்டு நகர ஐந்து நிமிஷம் ஆனது.

கடைசியில் கை வைத்தது ஒரு ஃப்ளாஷரில். அப்பாவுடையது போலவே வட்ட முகம், ஆனால் 240, 455 என்று இரண்டு சுருதி. 240இல் 19 டிகிரிக் கூம்பு, 455இல் 9 டிகிரிதான். "240 அப்பாவுக்குக் கொஞ்சம் பக்கத்து வீடு. ஏதாவது கசிந்தால் 455க்குப் போய்விடு. அது வேற்றூர்" என்றார் கடைக்கார அம்மாள். சுருதி ஏற ஏற ஒலி தண்ணீரில் சீக்கிரம் தேயும். ஆழமான ஏரி என்றால் யோசிக்கணும். 42 அடி ஏரிக்கு அந்தக் கவலை இல்லை. அங்கேயே ஒரு தாளில் மருமகன் கணக்குப் போட்டான். 24 அடியில் 9 டிகிரிக் கூம்பின் அகலம் 4 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அப்பா பார்ப்பதில் பாதி அகலம்கூட இல்லை.

"உனக்குக் கொஞ்சந்தானே தெரியும்?" என்றேன்.

"ஆனா தெரியறது என்னுதா இருக்கும் அத்தை."

பில் போட்ட தொகைக்கு எங்கள் ஊர்ச் சந்தையில் நல்ல கறவை மாட்டுக்கு அச்சாரம் கொடுக்கலாம். வாயைத் திறக்கவில்லை. பையன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறியபோது நானே அவனுக்காகப் பெல்ட்டைப் போட்டுவிட்டேன். ஏரி விளிம்பில் நானே கழற்றவும் செய்தேன். கண்ணாடியையும் இறக்கினேன். ஒரே நாளில் மனுஷிக்கு எதுவும் பழகிவிடுகிறது!

மாலை நாலரை. ஆகாயம் செம்பருத்தி நிறத்துக்குப் போய், பனியும் அதே நிறத்துக்குப் போனது. வாலை மீன் வெளிச்சம் மங்கும்போதுதான் இரை தேடுமாம். பூனைக்கு இருப்பது போல அதன் கண்ணுக்குள்ளும் ஒளியைத் திருப்பி அடிக்கிற படலம் உண்டு. சூரியன் இறங்க இறங்க ஏரி மொத்தமும் பேச்சைக் குறைத்தது. எங்கள் கண்மாய்த் திருவிழாவின் கூச்சலை நினைத்துப் பார்த்தேன். இதுவும் மீன்பிடித் திருவிழாதான், ஆனால் அத்தனை கூடாரமும் கோயில் கருவறை மாதிரி இருட்டில் விளக்கு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக.

தம்பி தன் 200ஐப் போட்டான். மருமகன் புதுப் பெட்டியை இறக்கி நேராக 455இல் வைத்தான். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மூன்று மூச்சும் புகையாகத் தொங்கியது.

ஒன்றும் நடக்கவில்லை. அந்த 'ஒன்றும் நடக்காதது' எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? இரண்டு வட்டம், இரண்டிலும் 24இல் சிவப்பு, இரண்டிலும் அவரவர் முள். இருபதடியில் பெரியவரின் பெட்டி ஓடுகிறது என்று தெரியும். தம்பியின் வட்டத்தில் லேசாக ஒரு கோடு வந்தது, ஒரு படி திருகினான், போனது. பையனின் வட்டம் அசையவே இல்லை. தனிக் கிணறு கிடைத்தவன் முகம் அவனுக்கு.

எனக்குத்தான் பெட்டி இல்லை. ஓரத்துத் துளையில், கண்மாய்க் கரையில் உட்கார்ந்த பழக்கத்தில், விரலால் நரம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் வட்டத்தில் தரையோடு தரையாக ஒரு பச்சை. மருமகனின் வட்டத்தில் ஒரு ஆரஞ்சு தோன்றி மறைந்தது. இரண்டு பேரும் தூண்டிலை நடுக்கி நடுக்கி அதைக் கூப்பிட்டார்கள். அது இவனிடமும் போகவில்லை, அவனிடமும் போகவில்லை. என் விரல் கனத்தது.

முழங்கை நீளக் கம்பு வில்லாக வளைந்தது. நான் போட்ட சத்தத்தில் பெரியவரே ஓடி வந்தார். இழுத்து இழுத்து, துளை வழியாக வெளியே வந்ததைப் பார்த்ததும் என் கண்ணை நம்ப முடியவில்லை. நீளமான உடம்பு, கருப்பும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக, தட்டைத் தலை, வழவழ.

"விரால்! டேய், விரால்டா!"

விரால் இல்லை. பர்பட். நன்னீரில் வாழும் ஒரே காட் வகை மீன், இந்தக் கடுங்குளிரில் பனிக்கட்டிக்கு அடியில்தான் முட்டையிடும். தாடையில் ஒற்றை மீசை. தூக்கிப் பிடித்ததும் தன் வாலை என் மணிக்கட்டைச் சுற்றி வளையல் மாதிரி போட்டுக்கொண்டது. பெரியவர் முகத்தைச் சுளித்தார். பார்க்க விகாரம் என்று பலர் இதைத் தூக்கிப் பனியில் எறிந்துவிடுவார்களாம். எறிவதா! புளி கரைத்து, மண்சட்டியில் வைத்து, மறுநாள் சாப்பிட வேண்டிய மீன் இது. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாருங்கள் என்று பெரியவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"எனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுச்சு" என்றான் மருமகன், தன் வட்டத்தைக் காட்டி. "ஆரஞ்சா வந்துச்சு அத்தை, நான் பாத்தேன்."

"போடா. என்னதுல அதுக்கு முன்னாடியே பச்சையா வந்துருச்சு. உன் ஊத்தா நாலடி, அது எப்பிடி அங்கன வரைக்கும் எட்டும்?"

"அது எனக்குக் கீழ போயித்தான் அத்தைகிட்ட போச்சு!"

"என்னுதுடா!"

"என்னுது!"

விளக்குமாறு கைவசம் இல்லை. மணிக்கட்டில் மீன் வேறு இறுக்கிக்கொண்டிருந்தது. இதை யாராவது வந்து பிரித்து விடுங்களேன் என்று நான் கத்தினேன்.